பிக்சி சைக்கிளுக்கு எந்த அகல டயர்? கொழும்பு வீதிகளில் ஓடுவோருக்கு ஓர் எளிய விளக்கம்

பிக்சி சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது பல்சக்கரத்தில் எத்தனை பல் என்பதை. அடுத்தது நிறம். டயரின் அகலத்தைக் கேட்பவர் அரிது. வண்டியோடு வந்தது 23 மில்லிமீற்றர் என்றால் 23, 25 என்றால் 25 என்று அப்படியே ஓடத் தொடங்கிவிடுவார்கள். காலி வீதியில் ஒரு மழைக்காலம் போனதும் ரிம் நெளியும், டியூப் அடிக்கடி ஓட்டையாகும், உள்ளங்கை மரத்துப் போகும். பிக்சியே கொழும்புக்குச் சரிவராது என்று முடிவுகட்டி விற்றுவிடுவார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனவருத்தம்தான். பெரும்பாலும் குற்றம் சைக்கிளில் இல்லை, டயரின் சில மில்லிமீற்றரில் இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஓடும் பிக்சிக்கு, உங்கள் பிரேமுக்குள் எங்கும் உரசாமல் தாராளமாகச் சுழலக்கூடிய மிக அகலமான டயரைப் போடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது 28 மில்லிமீற்றராக அமையும். பிரேம் இடம் கொடுத்தால் 32. ஏன் அப்படி, எப்படி அளந்து பார்ப்பது, கடையில் என்ன கேட்பது என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

பிக்சி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சில்லு தன்பாட்டில் உருளும். அதற்கு இடம் கொடுப்பது பின்னால் இருக்கும் பிரீவீல். பிக்சியில் பிரீவீல் கிடையாது. பின் பல்சக்கரம் சில்லின் நடுவிலுள்ள ஹப்பிலேயே இறுகத் திருகப்பட்டிருக்கும். அது கழன்றுவிடாதபடி மறுபக்கம் திருகும் பூட்டு வளையமொன்றும் மேலே இருக்கும். ஆகவே சில்லு சுழலும்வரை பெடலும் சுழலும், பெடல் சுழலும்வரை உங்கள் காலும் சுழலும். வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் காலால் எதிர்த்து அழுத்தலாம். பெடலை முழுதாக நிறுத்திப் பிடித்தால் பின் சில்லு பூட்டிக்கொண்டு தார் வீதியில் இழுபடும். அதைத்தான் ஸ்கிட் என்கிறார்கள்.

இந்தச் சைக்கிளின் தாய்வீடு சைக்கிள் ஓட்டப் பந்தயத் திடல். மரப்பலகை பதித்த, 250 மீற்றர் சுற்றளவுள்ள, கண்ணாடிபோல வழவழப்பான தளம் அது. குழி இல்லை, மழை இல்லை, பஸ் இல்லை. அங்கே 19 முதல் 23 மில்லிமீற்றர் வரையான டயரில் மிகக் கூடிய காற்றழுத்தத்தோடு ஓடுவது பொருத்தமானதே. திடலிலிருந்து நகர வீதிக்கு இறங்கியபோது பிக்சி அந்த மெல்லிய டயரையும் ஒடுங்கிய பிரேமையும் தன்னோடு கொண்டுவந்துவிட்டது. கடைக்குள் பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக இன்றைக்கும் பலர் அதை மாற்றுவதில்லை.

டயரில் எழுதியிருப்பதை வாசிப்பது

டயரின் பக்கவாட்டில் 700x28சி என்று இருக்கும். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 28-622 என்றும் இருக்கும். இரண்டாவதாக உள்ளதை நம்புங்கள். அது ஐ.எஸ்.ஓ. 5775 என்ற சர்வதேசத் தரத்தின்படி எழுதப்படுவது. 28 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 622 என்பது டயர் போய் அமரும் இடத்தில் ரிம்மின் விட்டம், அதுவும் மில்லிமீற்றரில். அகலத்தை நீங்கள் கூட்டிக் குறைக்கலாம். விட்டம் மட்டும் ஒரு மில்லிமீற்றரும் மாறக் கூடாது.

கொழும்புக் கடைகளில் கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடம் இது. புறக்கோட்டைப் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்குப் போய் "28 டயர் ஒன்று தாங்கோ அண்ணை" என்று மட்டும் கேட்டால், அவர் எடுத்து வைப்பது பெரும்பாலும் 28 அங்குல டயராக இருக்கும். பழைய ராலே, ஹீரோ போன்ற உயரமான சைக்கிள்களுக்குப் போடும் 28 x 1½. அதன் விட்டம் 635. உங்கள் பிக்சியின் ரிம் 622. பதின்மூன்று மில்லிமீற்றர் வித்தியாசத்தில் அந்த டயர் ரிம்மில் நிற்கவே நிற்காது. கடைக்காரரில் பிழையில்லை. அவரிடம் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் 28 என்று கேட்பது அதைத்தான். ஆகவே "எழுநூறுக்கு இருபத்தெட்டு" என்று சொல்லுங்கள், அல்லது பழைய டயரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள்.

2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது வீட்டு மூலையில் கிடந்த பழைய ரேசிங் சைக்கிளைத் தட்டித் திருத்தி எடுத்தவர்கள் பலர். அப்படியொரு பிரேமைப் பிக்சியாக மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. அந்தக் கால ரேசிங் சைக்கிள்களில் பல 27 x 1¼ டயர் போட்டவை, ரிம்மின் விட்டம் 630. அதற்குள் இன்றைய 622 சில்லைப் போட்டால் மேல்பக்கம் 4 மில்லிமீற்றர் கூடுதல் இடம் கிடைக்கும். 32 டயர் சுகமாக ஓடும். பிரேக் கட்டை மட்டும் அந்த 4 மில்லிமீற்றர் கீழிறங்க வேண்டும், அதற்கு பிரேக்கின் கை எட்டுகிறதா என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள்.

லுமாலா மவுண்டன் சைக்கிள் பிரேமை வைத்துச் செய்பவர்களுக்கு 26 அங்குலச் சிக்கல் தனி. 26 x 1.5 என்று தசமத்தில் எழுதியிருந்தால் விட்டம் 559. 26 x 1⅜ என்று பின்னத்தில் எழுதியிருந்தால் 590. இரண்டும் 26 என்றாலும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

அகலம், காற்று, வேகம்

டயர் நிலத்தில் தொடும் பரப்பு எவ்வளவு என்பதை ஒரு சின்னக் கணக்கில் காணலாம். பின் சில்லில் 40 கிலோ பாரம் என்று வையுங்கள். 100 பி.எஸ்.ஐ. காற்று என்பது ஒரு சதுர சென்றிமீற்றரில் ஏறத்தாழ 7 கிலோ. 40ஐ 7ஆல் பிரித்தால் 6 சதுர சென்றிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதாவது ஒரு பெரிய முத்திரையின் அளவு. உங்கள் பின்பாரம் முழுதும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. காற்றை 60ஆகக் குறைத்தால் பரப்பு ஏறத்தாழ 9½ சதுர சென்றிமீற்றராகக் கூடும்.

ஒரே காற்றழுத்தம் என்றால் மெல்லிய டயருக்கும் அகல டயருக்கும் இந்தப் பரப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். வடிவம் மாறும். மெல்லியதில் அது நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும், அகலமானதில் குட்டையாகவும் பரந்தும் இருக்கும். நீளமாகத் தொட வேண்டுமென்றால் டயர் அதிகம் அமுங்க வேண்டும். அமுங்கி எழும்ப ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் மிதிப்பிலிருந்துதான் சக்தி போகிறது. ஆகவே மெல்லிய டயர்தான் வேகம் என்ற பழைய நம்பிக்கை வீதியில் நிலைக்கவில்லை. தொழில்முறை வீதிப் பந்தயக்காரர்களே 23இலிருந்து 25க்கும் பிறகு 28க்கும் போய்விட்டார்கள். அவர்கள் ஓடும் வேகத்தில் காற்றைக் கிழிப்பது பெரிய விஷயம், அப்படியிருந்தும் மாறினார்கள். பம்பலப்பிட்டிச் சந்தியில் சிக்னலுக்கு நின்று நின்று போகும் நமக்கு அந்தக் காற்றுக் கவலைகூட இல்லை.

கரடுமுரடான வீதியில் இன்னொன்றும் நடக்கிறது. கல்லெனக் காற்றடித்த டயர் ஒவ்வொரு சின்ன மேட்டிலும் வண்டியையும் உங்களையும் மேலே தூக்கிப் போடுகிறது. முன்னோக்கிப் போக வேண்டிய சக்தி குலுங்குவதில் வீணாகிறது. குறைந்த காற்றில் ஓடும் அகல டயர் அந்த மேட்டைத் தானே விழுங்கிக்கொண்டு உருளும். வழவழப்பான வீதியில் இந்த வித்தியாசம் அவ்வளவு தெரியாது. வெட்டி ஒட்டிய தார் வீதியில் நன்றாகத் தெரியும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. அகல டயரைப் போட்டுவிட்டு, பழைய பழக்கத்தில் 100 அடிப்பது. டயரின் துணி தாங்கும் இழுவிசை, காற்றழுத்தத்தையும் அகலத்தையும் பெருக்கி வருவது. அதனால் அதே 100 பி.எஸ்.ஐ. 32 டயரில் 23 டயரைவிடக் கல்லாக இருக்கும். அகலத்தைக் கூட்டினால் காற்றைக் குறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் செலவழித்த காசுக்குப் பலன் கிடைக்காது. ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ளவர் 23க்கு 100 முதல் 110, 25க்கு 90, 28க்கு 75, 32க்கு 60 பி.எஸ்.ஐ. என்று தொடங்கலாம். முன் சில்லில் பாரம் குறைவு என்பதால் அங்கே 5 முதல் 10 வரை குறைத்து அடியுங்கள். பிறகு உங்கள் எடைக்கும் வீதிக்கும் ஏற்ப ஐந்து ஐந்தாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். குழியில் ரிம் "டக்" என்று இடித்தால் காற்று போதாது. கைப்பிடி விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தால் காற்று அதிகம். டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் உச்ச அளவை மட்டும் ஒருபோதும் தாண்டாதீர்கள்.

காற்றழுத்தம் குறைவாகத் தேவைப்படுவது கொழும்பில் நடைமுறையிலும் உதவி. பையில் வைக்கும் சின்னக் கைப்பம்பால் 60 அடிக்கலாம், 100 அடிப்பது பெரும்பாடு. பெற்றோல் செட்டில் காற்றடிக்கும் குழாய் தடித்த வால்வுக்கானது, பிக்சியின் மெல்லிய வால்வுக்குப் பொருந்தாது. ஒரு சின்னப் பித்தளை அடப்டர் வாங்கிச் சாவிக் கொத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே அடிக்கும்போது விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். சைக்கிள் டயருக்குள் இடம் குறைவு, கண் மூடித் திறப்பதற்குள் அளவு கூடிவிடும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். காலையில் 25 பாகையில் 100 அடித்த டயர், நண்பகலில் வெயிலில் நிறுத்தி 50 பாகைக்குச் சூடானால் 110 வரை ஏறும். உச்ச அளவின் விளிம்பில் அடித்திருந்தால் ஆபத்து.

மற்றச் சைக்கிளைவிடப் பிக்சிக்கு ஏன் இது முக்கியம்

இதுவரை சொன்னது எந்தச் சைக்கிளுக்கும் பொருந்தும். பிக்சிக்கு மட்டும் உரிய காரணங்கள் இனித்தான் வருகின்றன, இவற்றைப் புதியவர்கள் யாரும் சொல்லிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

சாதாரண சைக்கிளில் குழி வருவது தெரிந்தால் என்ன செய்வீர்கள்? மிதிப்பதை நிறுத்தி, இரண்டு பெடலையும் சம உயரத்தில் வைத்து, சீட்டிலிருந்து சற்று எழும்பி, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, உடம்பையே வில்லாக்கி அந்த அடியை வாங்கிக்கொள்வீர்கள். பிக்சியில் அது முடியாது. கால் சுழன்றுகொண்டே இருக்கும். சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்பலாம், ஆனால் நிலையாக நிற்க முடியாது. உடம்பு செய்ய வேண்டிய வேலையை டயர்தான் செய்ய வேண்டும். ஆகவே சாதாரண சைக்கிளுக்கு 25 போதுமென்றால் அதே வீதியில் பிக்சிக்கு 28 வேண்டும் என்பது என் கணக்கு.

குழியின் விளிம்பில் மெல்லிய டயர் அடிபட்டால் டியூப் ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவே நசுங்கி இரட்டை ஓட்டை விழும், பாம்பு கடித்ததுபோலப் பக்கத்துப் பக்கத்தில். ஓட்டைகள் இப்படி இரட்டையாக இருந்தால் ஆணியையோ கண்ணாடியையோ தேடாதீர்கள். காற்றோ அகலமோ போதவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது ஸ்கிட். காலால் சில்லைப் பூட்டி இழுக்கும் ஒவ்வொரு தடவையும் பின் டயரில் ஓர் இடம் தேய்கிறது. அந்த இடம் எங்கே என்பதைத் தீர்மானிப்பது பல்சக்கரக் கணக்கு. முன்னால் 48 பல், பின்னால் 16 பல் என்றால் சுருக்கினால் 3க்கு 1. எப்போதும் ஒரே காலை முன்னுக்கு வைத்து ஸ்கிட் செய்பவருக்கு டயரில் ஒரேயோர் இடம்தான் தேயும். அந்த இடத்தில் விரைவிலேயே நூல் தெரியத் தொடங்கிவிடும். 48க்கு 17 என்றால் சுருக்க முடியாது. ஆகவே 17 வெவ்வேறு இடங்களில் தேய்மானம் பரவும். சுருக்கிய பின் கீழே வரும் எண்தான் தேயும் இடங்களின் எண்ணிக்கை. இரண்டு காலாலும் மாறி மாறிச் செய்பவருக்கு, மேலே உள்ள எண் ஒற்றைப்படையாக இருந்தால் எண்ணிக்கை இரட்டிப்பாகும். அகலமான பின் டயரில் பொதுவாக ரப்பர் அதிகம் இருக்கும், அதனால் தேய்வைக் கொஞ்சம் கூடுதல் காலம் தாங்கும். ஸ்கிட் பழக ஆசைப்படுபவர் பந்தயத்துக்கான மெல்லிய ரப்பர் டயரைப் பின்னால் போடுவது வீண் செலவு.

மூன்றாவது காரணம் கியர். டயர் அகலமானால் உயரமும் கூடும், சில்லின் சுற்றளவும் கூடும். 23 டயரோடு சுற்றளவு ஏறத்தாழ 2096 மில்லிமீற்றர், 28இல் 2136, 32இல் 2155. 23இலிருந்து 32க்கு மாறினால் கிட்டத்தட்ட 3 வீதம் கூடுகிறது. 48க்கு 17 கியரில் ஒரு சுற்று மிதித்தால் முன்பு 5.92 மீற்றர் போன வண்டி இப்போது 6.08 மீற்றர் போகும். பின்னால் அரைப் பல் குறைத்ததற்குச் சமம் இது. சாதாரண சைக்கிளில் கியரை மாற்றிச் சமாளிக்கலாம், பிக்சியில் இருப்பது ஒன்றுதான். மிதிப்பது மட்டுமல்ல, காலால் எதிர்த்து நிறுத்துவதும் அந்தளவு பாரமாகும். பலருக்கு இது தெரியவே தெரியாது, சிலருக்கு முழங்காலில் தெரியும். பாரமாக இருக்கிறதென்று 17ஐ 18ஆக மாற்றப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். 48க்கு 18ஐச் சுருக்கினால் 8க்கு 3. தேயும் இடங்கள் மூன்றாகக் குறைந்துவிடும். 47க்கு 18 என்று முன்னாலும் ஒரு பல்லைக் குறைத்தால் பதினெட்டும் கிடைக்கும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும் இந்தக் கணக்குத்தான் பிக்சியின் அழகு என்று நான் நினைக்கிறேன்.

உயரம் கூடுவதில் ஒரு நன்மையும் உண்டு. 23இலிருந்து 32க்குப் போனால் வண்டி முழுதும் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் உயரும். வளைவில் சரிந்து திரும்பும்போது உள்பக்கப் பெடல் நிலத்தில் இடிக்கும் அபாயம் அந்தளவுக்குக் குறையும். காலை நிறுத்த முடியாத வண்டியில் அது சின்ன விஷயமல்ல.

கெடுதலும் ஒன்று உண்டு. ஒடுங்கிய பிரேம்களில் முன் சில்லுக்கும் பெடலில் இருக்கும் கால் நுனிக்கும் நடுவே இடம் குறைவு. மெதுவாக, கூர்மையாகத் திரும்பும்போது சப்பாத்து நுனி முன் டயரில் முட்டும். இரண்டு ஓட்டோவுக்கு நடுவே நெளிந்து போகும்போது இது நடந்தால், காலையும் நிறுத்த முடியாமல் விழ நேரும். முன் டயரின் அகலத்தைக் கூட்டினால் அந்த இடைவெளி இன்னும் குறையும், மட்காட் போட்டால் அதைவிடக் குறையும். புது டயர் போட்டதும் வண்டியை நிறுத்தி, பெடலை முன்னுக்குக் கொண்டுவந்து, கைப்பிடியை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். முட்டினால் முன்னால் ஒரு அளவு குறைத்துப் போடுவது நல்லது.

பிரேம் என்ன சொல்கிறது

ஆசைப்படும் அகலம் ஒன்று, பிரேம் அனுமதிக்கும் அகலம் இன்னொன்று. திடல் ஓட்டத்துக்கென்றே செய்த பிரேம்களில் 25க்கு மேல் போகாமலிருக்கலாம். நகர ஓட்டத்துக்குச் செய்தவற்றில் பலவற்றில் 28 போகும், சிலவற்றில் 32உம் அதற்கு மேலும் போகும். அளக்காமல் வாங்கக் கூடாது.

அளப்பதற்கு, மில்லிமீற்றரில் அளவு குறித்த அறுகோண ஆலன் சாவிக் கொத்து ஒன்று போதும். இப்போதுள்ள டயருக்கும் பிரேமுக்கும் நடுவே எந்தச் சாவி உரசாமல் நுழைகிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் 6 மில்லிமீற்றர் சாவி நுழைகிறது, மறுபக்கமும் 6 நுழைகிறது, டயரின் அகலம் 25 என்று வையுங்கள். மொத்த இடம் 37. இரண்டு பக்கமும் 4 மில்லிமீற்றராவது வெற்றிடம் விட வேண்டும், ஆக 8ஐக் கழித்தால் 29. உங்கள் பிரேமுக்கு 28 சரி, 32 சரிவராது. அந்த 4 மில்லிமீற்றரை வீண் என்று நினைக்காதீர்கள். ரிம் கொஞ்சம் நெளிந்தாலோ, ஈர மண்ணும் சின்னக் கல்லும் டயரில் ஒட்டி வந்தாலோ, அந்த இடம்தான் உங்களைக் காப்பாற்றும். ஓடிக்கொண்டிருக்கும்போது முன் சில்லு உரசிப் பூட்டினால் தலைகீழாகத்தான் விழுவோம்.

எங்கெங்கே அளப்பது? முன் போர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவிலும் மேல் வளைவிலும், பின்னால் செயினோடு ஓடும் கீழ்க் குழாய்களுக்கு நடுவிலும், சீட்டுக்கு ஏறும் குழாய்க்குப் பின்னாலும். முன் பிரேக் இருந்தால் அதன் அடிப்பக்கத்தையும் பாருங்கள். சாதாரண குறுங்கை பிரேக்கின் கீழ் பலவேளை 28தான் எல்லை. நீளக்கை பிரேக் போட்டால் இன்னும் இடம் கிடைக்கும். பிரேக் வேண்டாம் என்று கழற்றிவிடுவது தீர்வல்ல. கொழும்பில் முன் பிரேக் இல்லாமல் ஓட வேண்டாம் என்று நான் கெஞ்சியே கேட்பேன்.

பின் சில்லில் பிக்சிக்கே உரிய ஒரு நுட்பம் இருக்கிறது. பிக்சியின் பின் அச்சு, பிரேமில் பின்னோக்கித் திறந்த நீளமான பிளவில் நிற்கும். செயினை இறுக்க அச்சைப் பின்னுக்கு இழுத்து முடுக்குவோம். சில்லு முன்னுக்கு நின்றால் டயர் சீட்டுக் குழாயை நெருங்கும், பின்னுக்கு நின்றால் விலகும். அகல டயர் முட்டுகிறதென்றால் பின்னால் ஒரு பல் குறைந்த சக்கரம் போட்டால் அச்சு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் பின்னுக்குப் போகும். அல்லது செயினில் ஒரு சோடி கண்ணியைச் சேர்த்து அச்சைப் பின்னுக்குத் தள்ளலாம், பிளவில் இடம் இருந்தால்.

ரிம்மின் உள் அகலத்தையும் பாருங்கள். பல ரிம்களில் 622x15 என்பதுபோல எழுதியிருக்கும். கடைசி எண் உள் அகலம். 13 என்றால் 25க்கு மேல் வேண்டாம். 15இல் 32 வரை போடலாம். 17, 19 என்றால் 28உம் 32உம் நன்றாக அமரும். ரிம் அகலமானால் அதே டயர் இன்னும் ஓரிரு மில்லிமீற்றர் விரிந்து நிற்கும், பிரேம் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டியூபுக்கு இரண்டு வார்த்தை போதும். டயரின் அகலத்துக்கேற்ற டியூப் வாங்குங்கள், பெட்டியில் 700x25-32 என்று எல்லை எழுதியிருக்கும். உங்கள் ரிம் பக்கவாட்டில் உயரமானது என்றால் நீள வால்வுள்ளது வேண்டும். அது எல்லாச் சைக்கிள் கடையிலும் கிடைக்காது, ஒன்றை வீட்டில் வைத்திருங்கள்.

நம் வீதிகளில்

வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியாகக் கோட்டைக்கு வேலைக்குப் போகிறவருக்கு 28 மிகப் பொருத்தம். வீதி பெரும்பாலும் நல்லது, ஆனால் ஓரத்தில் வடிகான் மூடிகளும் வெட்டி மூடிய பள்ளங்களும் உண்டு. ஓரத்தில்தான் நமக்கு இடமும் உண்டு. கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, செட்டியார் தெரு, புறக்கோட்டை உள் ஒழுங்கைகள் என்று சுற்றுகிறவர் பிரேம் விட்டால் 32 போடட்டும். அங்கே வேகம் ஒரு பொருட்டே இல்லை. லொறி ஏற்றி இறக்கும் இடங்களில் உடைந்த விளிம்புகளும் ஆணியும் கண்ணாடியும் கிடக்கும். ஞாயிறு அதிகாலையில் காலிமுகத்திடல் பக்கம் மட்டும் ஓடி வருபவர், உடல் எடையும் குறைவென்றால், 25இலேயே இருக்கலாம், நான் தடுக்க மாட்டேன். 85 கிலோவுக்கு மேற்பட்டவர்களும், முதுகில் மடிக்கணினிப் பை சுமப்பவர்களும் ஒரு அளவு மேலே போவது நல்லது.

மழை பற்றி ஒரு தவறான எண்ணம் உலவுகிறது: ஆழமான வெட்டு உள்ள டயர்தான் ஈரத்தில் வழுக்காது என்று. சைக்கிளின் வேகத்தில் டயர் தண்ணீரின்மேல் மிதப்பதில்லை. தார் வீதியில் வழவழப்பான டயரே போதும். பிடிப்பைத் தருவது ரப்பரின் தன்மையும் சரியான காற்றும்தான். வழுக்குவது எங்கே என்றால் வெள்ளைக் கோட்டிலும் இரும்பு மூடியிலும் கடலோர வளைவுகளில் பரவிக் கிடக்கும் மணலிலும். அங்கே 32 டயரும் வழுக்கும். ஈர வீதியில் காலால் சில்லைப் பூட்டினால் பின்பக்கம் மிக எளிதாகச் சறுக்கும் என்பதால், மழை நாளில் 5 பி.எஸ்.ஐ. குறைத்து, முன் பிரேக்கை மெதுவாகப் பிடித்து, காலை அளவாக மட்டும் பாவியுங்கள்.

ரயில் கடவைகளை அகலத்தால் வெல்ல முடியாது. நாரஹேன்பிட்டி, நுகேகொடைப் பக்கத்துக் கடவைகளிலும், மரைன் டிரைவிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் இடங்களிலும் தண்டவாளத்தை ஒட்டியிருக்கும் பிளவு, இங்கே பேசிய எந்த டயரையும்விட அகலமானது. சரிவாகப் போனால் 23உம் விழும், 32உம் விழும். தண்டவாளத்துக்கு நேர் குறுக்காக வண்டியைத் திருப்பி, வேகத்தைக் குறைத்துக் கடப்பது ஒன்றே வழி. நீட்டுவாக்கில் துளையுள்ள வடிகான் மூடிகளுக்கும் இதே எச்சரிக்கைதான். அங்கே அகல டயர் உண்மையிலேயே உதவும், ஏனென்றால் 23 விழும் பிளவில் 32 விழாமல் போகக்கூடும்.

முன்னும் பின்னும் ஒரே அகலம் இருக்க வேண்டுமா? தேவையில்லை. உடல் பாரத்தில் பாதிக்கு மேல் பின் சில்லில்தான், ஸ்கிட் தேய்வும் அங்கேதான். முன்னால் 25, பின்னால் 28 என்பது நல்ல சேர்க்கை. முன்னால் கால் முட்டும் பிரேமுக்கு அதுதான் தீர்வும்கூட. கைவலி உள்ளவர்கள் மட்டும் முன்னாலும் 28 போடப் பாருங்கள்.

பின் டயர் முன் டயரைவிட எப்போதும் வேகமாகத் தேயும். நடுப்பகுதி தட்டையாகி, ஸ்கிட் இடத்தில் நூல் தெரிந்தால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள். அப்போது புது டயரைப் பின்னால் போடாதீர்கள். முன்னால் இருக்கும் டயர் பின்னுக்குப் போதிய அகலமென்றால் அதைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடுங்கள். பின் சில்லு வெடித்தால் வண்டி ஆடும், பெரும்பாலும் சமாளித்து நிறுத்தலாம். முன் சில்லு வெடித்தால் கைப்பிடி நம் கையில் இல்லை. ஆகவே நல்ல ரப்பர் எப்போதும் முன்னால் இருக்கட்டும்.